‘என்றென்றைக்கும்’ என்று விற்கப்பட்ட ஆறடி நிலம்: லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் பழைய கல்லறைகள் மீண்டும் திறக்கப்படுவது ஏன்?

லண்டனின் வடக்கே, ஒரு குன்றின் தெற்குச் சரிவில் இருக்கிறது ஹைகேட் கல்லறைத் தோட்டம். கார்ல் மார்க்ஸ் அடக்கம் செய்யப்பட்ட இடம் என்ற அளவில் தமிழ் வாசகர்கள் பலருக்கு அதன் பெயர் தெரியும். 2022-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்த ஒரு தோட்டத்துக்காகவே தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பழைய கல்லறைகளைச் சில நிபந்தனைகளோடு திறந்து, அங்கே புதிதாக ஒருவரை அடக்கம் செய்ய அந்தச் சட்டம் அனுமதிக்கிறது.

செய்தியைக் கேட்டவர்கள் பலர் குழம்பினார்கள். மார்க்ஸின் கல்லறையைத் தோண்டப் போகிறார்களா? காசு கொடுத்து வாங்கிய இடத்தை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்ள முடியும்? பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்படும் இடத்தில் புதிதாகப் புதைக்க வேண்டிய அவசியம் என்ன?

முதல் கேள்விக்கு விடை எளிது. இல்லை, யாரும் மார்க்ஸைத் தொடப் போவதில்லை. மற்ற இரண்டுக்கும் விடை 1830-களில் இருக்கிறது. இறந்தவர்களுக்கான இடத்தை லாபம் தேடும் நிறுவனங்களின் கையில் கொடுத்த முடிவில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

தேவாலய முற்றங்கள் நிரம்பிய காலம்

1801-ல் லண்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம். 1851-ல் அது 23 லட்சத்தைத் தாண்டியது. இறந்தவர்களை அடக்கம் செய்ய இருந்ததோ, பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டுவந்த அதே தேவாலய முற்றங்கள். நகரம் பெருத்தது, முற்றங்கள் பெருக்கவில்லை. குழிமேல் குழியாகத் தோண்டினார்கள். முந்தைய உடல் மட்கும் முன்பே அடுத்த உடல் வந்துவிடும். 1831–32-ல் வந்த காலரா நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

இதில் மிகக் கொடிய உதாரணம் ஸ்ட்ராண்ட் பகுதியை ஒட்டியிருந்த ஈனன் சேப்பல். 1820-களில் திறக்கப்பட்ட இந்தச் சிறு ஜெபக்கூடத்தின் அடித்தளத்தில், குறைந்த கட்டணத்துக்கு உடல்களை ஏற்றுக்கொண்டார்கள். மேலே ஞாயிறு பள்ளியும் ஆராதனையும் நடக்கும்; பலகைத் தளத்துக்குக் கீழே பிணங்கள் குவிந்திருக்கும். அந்தச் சிறிய நிலவறைக்குள் சுமார் 12,000 உடல்கள் போடப்பட்டதாக அக்கால விசாரணைகளில் சொல்லப்பட்டது.

ஜார்ஜ் ஆல்ஃபிரட் வாக்கர் என்ற அறுவை மருத்துவர் இந்த நிலையை ஊரறிய அம்பலப்படுத்தினார். 1839-ல் லண்டன் இடுகாடுகளைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார். பிற்பாடு அந்த ஜெபக்கூடத்தைத் தாமே வாங்கி, உடல்களை வெளியே எடுத்து நார்வுட்டில் மறு அடக்கம் செய்ய வைத்தார். அழுகும் உடலிலிருந்து எழும் ‘நச்சுக்காற்று’தான் நோய்களைப் பரப்புகிறது என்பது அவர் காலத்து மருத்துவத்தின் நம்பிக்கை. அது தவறு என்று பின்னாளில் தெரிந்தது. ஆனால், பிணங்களும் குடிநீரும் குடியிருப்பும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கக் கூடாது என்று அதிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவு சரியானது.

அரசு செய்யவில்லை, பங்குச்சந்தை செய்தது

பாரிஸ் இதற்கு முன்பே வழி காட்டியிருந்தது. 1804-ல் நகர எல்லைக்கு வெளியே பெர் லாஷேஸ் என்ற தோட்டக் கல்லறையை அங்கே திறந்துவிட்டார்கள். அதைப் பார்த்து வியந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் கார்டன் என்ற வழக்கறிஞர் லண்டனிலும் அப்படியொன்று வேண்டும் என்று பல ஆண்டுகள் பிரச்சாரம் செய்தார்.

ஆனால் பாரிஸில் நகர நிர்வாகம் செய்ததை, லண்டனில் கூட்டுப் பங்கு நிறுவனங்கள் செய்தன. பெரும்பாலான நிறுவனங்கள் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் பெற்றன, பங்குகளை விற்றுப் பணம் திரட்டின, நிலம் வாங்கின, பிறகு கல்லறை இடங்களை விற்றன. 1833-ல் கென்சல் கிரீன் திறந்தது. 1837-ல் நார்வுட், 1839-ல் ஹைகேட், 1840-ல் ஏப்னி பார்க், நன்ஹெட், பிராம்டன், 1841-ல் டவர் ஹாம்லெட்ஸ் என்று எட்டே ஆண்டுகளில் நகரைச் சுற்றி ஏழு பெரும் கல்லறைத் தோட்டங்கள் எழுந்தன.

ஆங்கிலத் திருச்சபைக்கு இதில் தயக்கம் இருந்தது. அடக்கக் கட்டணம் அந்தந்த வட்டாரத் தேவாலயக் குருமார்களின் வருமானம். அது போய்விடக் கூடாது என்பதற்காக, புதிய தோட்டங்களில் நடக்கும் அடக்கங்களுக்கும் இறந்தவரின் வட்டாரத் தேவாலயக் குருவுக்கு ஒரு தொகை தர வேண்டும் என்று இத்தகைய சட்டங்களில் எழுதிவைத்தார்கள்.

ஹைகேட்டைக் கட்டியது லண்டன் கல்லறை நிறுவனம். 1836-ல் அதற்குச் சட்டம் கிடைத்தது. நிறுவனர் ஸ்டீஃபன் கியரி ஒரு கட்டடக் கலைஞர். 3,500 பவுண்டுக்கு 17 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1839 மே 20 அன்று லண்டன் பிஷப் வந்து 15 ஏக்கரைப் புனித நிலமாகப் பிரதிஷ்டை செய்தார். மீதி 2 ஏக்கர், ஆங்கிலத் திருச்சபையைச் சேராத சபையினருக்கு. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே அந்த 2 ஏக்கரில்தான் இருக்கிறார். சாண்டமேனியன் என்ற சிறு சபையைச் சேர்ந்த அவருக்குப் பிரதிஷ்டை செய்த மண்ணில் இடமில்லை. அவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

அழகு ஒரு விற்பனைப் பொருள்

ஹைகேட்டின் மேற்குப் பகுதியைப் படத்திலேனும் பார்த்தவர்கள் அதன் எகிப்திய நுழைவாயிலை மறப்பதில்லை. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பும், 1822-ல் ஷம்போலியோன் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்தறிந்ததும் ஐரோப்பாவில் எகிப்திய மோகத்தைக் கிளப்பிவிட்ட காலம் அது. தூண்கள் தாங்கும் அந்த வாயிலைக் கடந்தால் இருபுறமும் 16 நிலவறைகள் கொண்ட வழித்தடம் வரும். ஒவ்வோர் அறையிலும் 12 சவப்பெட்டிகளை அடுக்கலாம். வழித்தடம் போய்ச் சேரும் இடம் ‘லெபனான் வட்டம்’. அங்கே தோட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வளர்ந்து நின்ற ஒரு தேவதாரு மரத்தை வெட்டாமல், அதைச் சுற்றி மண்ணை அகழ்ந்து வட்டமாக அறைகளைக் கட்டினார்கள். மரத்தின் வேர்கள் ஒரு பெரிய பூந்தொட்டியில் இருப்பதுபோல் கூரைக்கு மேலே நின்றன. நோய் தாக்கிய அந்த மரத்தை 2019-ல் வெட்டிவிட்டு, அதே இடத்தில் இளம் தேவதாரு ஒன்றை நட்டார்கள்.

இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. உயரமான இடம், லண்டன் முழுதும் தெரியும் காட்சி, எகிப்திய வாயில் எல்லாம் நிறுவனத்தின் விளம்பரம். விலை உயர்ந்த அறைகளை வாங்க வசதி படைத்தவர்களை வரவழைக்கும் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல உடை உடுத்தி உலாவ வருகிறவர்களும் இருந்தார்கள். உச்சியில் ஜூலியஸ் பீர் என்ற நிதித்துறைச் செல்வந்தர், எட்டு வயதில் இறந்த தன் மகளுக்காக ஒரு பெரும் கல்லறை மண்டபம் எழுப்பினார். அது மேட்டிலிருந்து தெரிந்த லண்டன் காட்சியையே பாதி மறைத்தது.

வணிகம் நன்றாக ஓடியது. 1850-களில் ஸ்வெய்ன்ஸ் லேன் என்ற தெருவுக்கு எதிர்ப்புறம் சுமார் 20 ஏக்கர் சேர்த்துக் கிழக்குத் தோட்டத்தை உருவாக்கினார்கள். ஜெபக்கூடம் மேற்கில் இருந்ததால், ஆராதனை முடிந்ததும் சவப்பெட்டியைத் தளத்தின் வழியே நீரழுத்த விசையால் கீழே இறக்கி, தெருவுக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியாகக் கிழக்கே கொண்டுபோனார்கள். பொதுத் தெருவில் கால்படாமல் உடல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இத்தனை ஏற்பாடு.

யாருடைய நினைவு, எந்தக் குழியில்?

ஹைகேட்டில் ஏறத்தாழ 53,000 கல்லறைகளில் சுமார் 1,70,000 பேர் இருக்கிறார்கள். சராசரியாக ஒரு கல்லறைக்கு மூன்று பேர். ஆனால் இந்தச் சராசரி உண்மையை மறைக்கிறது. அங்கே இருந்தவை வேறுவேறு வகை இடங்கள்:

1. நிலவறைகளும் மண்டபங்களும். செல்வந்தர்களுக்கானவை. மண்ணில் புதைக்காமல் அடுக்கில் வைப்பதால், சவப்பெட்டிக்கு ஈயத்தகடு போர்த்த வேண்டும்.

2. தனிக் கல்லறைகள். நடுத்தர வர்க்கக் குடும்பம் ஒரு இடத்தில் ‘அடக்கம் செய்யும் தனியுரிமை’யை வாங்கும். அந்த உரிமை ‘என்றென்றைக்கும்’ என்று பத்திரத்தில் எழுதப்படும். நிலம் நிறுவனத்துடையதாகவே இருக்கும்; குடும்பம் வாங்கியது புதைக்கும் உரிமையை மட்டும். இந்த வேறுபாடுதான் 2022-ன் சட்டத்துக்கு அடிப்படை.

3. பொதுக்குழிகள். உரிமை வாங்க வசதியில்லாதவர்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே ஆழக் குழியில் ஒருவர்மேல் ஒருவராக அடக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலும் தலைமாட்டில் ஒரு கல்கூட இல்லை.

பிரபலங்களின் கதைகள் நிறைய. சார்லஸ் டிக்கன்ஸ் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறார். அவர் பிரிந்து வாழ்ந்த மனைவி கேத்தரின், கைக்குழந்தையாக இறந்த மகள் டோராவோடு ஹைகேட்டில் இருக்கிறார். கவிஞரும் ஓவியருமான டான்டே கேப்ரியல் ரோசெட்டி, 1862-ல் இறந்த மனைவி எலிசபெத் சிடலின் பெட்டிக்குள் தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியை வைத்துவிட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, அரசின் அனுமதியோடு கல்லறையைத் திறந்து அதை எடுக்க வைத்தார். கடைசியில் கவிதைகள் அச்சேறின. அந்தப் பெண்ணின் விருப்பம் என்னவாக இருந்திருக்கும் என்று கேட்க யாரும் இல்லை. 1907 டிசம்பரில், டி. சி. ட்ரூஸ் என்ற பெயரில் வணிகராக வாழ்ந்தவர் உண்மையில் போர்ட்லண்ட் கோமகனே, ட்ரூஸ் இறந்ததாகக் காட்டக் காலிப் பெட்டியைப் புதைத்தார் என்று கிளம்பிய சொத்து வழக்கில், ஹைகேட் கல்லறையைத் திறந்து பார்த்தார்கள். உடல் உள்ளே இருந்தது. கல்லறையைத் திறப்பது புதிய காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல என்பதற்காக இந்த இரண்டையும் சொல்கிறேன்.

சொல்லப்படாத இன்னொரு பக்கம் உண்டு. ஹைகேட்டிலேயே ‘வழிதவறிய பெண்கள்’ என்று சமூகம் முத்திரை குத்தியவர்களைத் திருத்துவதற்காகத் திருச்சபை ஓர் இல்லம் நடத்தியது. டான்டே கேப்ரியலின் தங்கை, கவிஞர் கிறிஸ்டினா ரோசெட்டி, 1859 முதல் அங்கே தன்னார்வப் பணி செய்தார். அங்கே இறந்த பெண்களுக்குத் தோட்டத்தில் ஒரு பொதுக்கல்லறை இருக்கிறது. ரோசெட்டி குடும்பக் கல்லறையைத் தேடி வருகிறவர்கள் இதையும் கேட்டுத் தேடிப் பார்க்க வேண்டும்.

மார்க்ஸும் அவரைச் சுற்றி உருவான ஊரும்

மார்க்ஸ் 1883 மார்ச் 14 அன்று இறந்தார். மூன்று நாள் கழித்து, 1881-ல் இறந்த மனைவி ஜென்னியின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். சுமார் ஒரு டஜன் பேர்தான் வந்திருந்தார்கள், ஏங்கெல்ஸ் உரையாற்றினார். குடும்பத்தோடு வாழ்ந்து பணிபுரிந்த ஹெலன் டெமுத்தும் 1890-ல் அதே குழியில் சேர்ந்தார். கிழக்குத் தோட்டத்தின் ஒரு மூலையில், எளிய கல்லோடு இருந்த இடம் அது.

இன்று நாம் படங்களில் பார்க்கும் பெரிய வெண்கலத் தலை 1956-ல் வந்தது. அதற்காக 1954-ல் உடல்களைத் தோட்டத்துக்குள்ளேயே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சிற்பி லாரன்ஸ் பிராட்ஷா. 1970-ல் அதை வெடிவைத்துத் தகர்க்க ஒரு முயற்சி நடந்தது. 2019-ல் பழைய கல்லறையிலிருந்து கொண்டுவந்து பதித்திருந்த பளிங்குப் பலகையைச் சுத்தியலால் அடித்துச் சிதைத்தார்கள்.

அந்தத் தலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதைச் சுற்றியுள்ள கல்லறைகள். டிரினிடாடில் பிறந்து, அமெரிக்கா நாடுகடத்தியபின் லண்டனில் கறுப்பின மக்களுக்காகப் பத்திரிகை நடத்திய கிளாடியா ஜோன்ஸ் மார்க்ஸுக்கு அருகிலேயே இருக்கிறார். தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்துப் போராடி, தாயகம் திரும்ப முடியாமல் 1983-ல் லண்டனில் இறந்த யூசுஃப் தாதூ இருக்கிறார். அவர் இந்திய வம்சாவளியினர். ஈராக், ஈரான் இடதுசாரிகளும் இருக்கிறார்கள். சொந்த மண்ணில் புதைபட முடியாதவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்ட மண் அது. 2006-ல் கதிரியக்க நஞ்சூட்டிக் கொல்லப்பட்ட ரஷ்யர் அலெக்சாண்டர் லித்வினென்கோவும் ஈயம் போர்த்திய பெட்டியில் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

நிறுவனம் ஏன் திவாலானது?

கணக்கு எளிது. நிறுவனம் ஒரே ஒரு முறை பணம் வாங்கிக்கொண்டு காலம் முழுவதும் ஓர் இடத்தை விற்றது. வந்த பணத்தில் பெரும் பங்கு பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகப் போனது. எதிர்காலப் பராமரிப்புக்கு என்று போதிய நிதி சேர்த்துவைக்கவில்லை. மாதப் பராமரிப்புக் கட்டணமே வசூலிக்காமல் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நூறாண்டு நடத்தப் பார்ப்பது போன்ற ஏற்பாடு அது. புதிய இடங்கள் விற்கும்வரை ஓடும். விற்பனை நின்ற நாளில் நின்றுவிடும்.

விற்பனை நிற்கக் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன:

1. 1852-ன் அடக்கச் சட்டத்துக்குப் பிறகு பொது அமைப்புகளே கல்லறைத் தோட்டங்களைத் திறந்தன. தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த கட்டணப் போட்டி வந்தது.

2. 1885-ல் வோக்கிங்கில் முதல் எரியூட்டல் நடந்தது. 1902-ல் அதற்குச் சட்டம் வந்தது. இன்று பிரிட்டனில் இறப்பவர்களில் பெரும்பாலோர் எரியூட்டப்படுகிறார்கள்.

3. முதல் உலகப்போருக்குப் பிறகு ஆடம்பரத் துக்கத்துக்கு மக்கள் மனம் ஒப்பவில்லை. தோட்ட வேலைக்கு ஆட்களும் குறைந்தார்கள்.

4. எல்லாவற்றுக்கும் மேலாக, இடம் தீர்ந்தது.

1960-ல் பழைய நிறுவனம் நொடித்து இன்னொன்றோடு இணைந்தது. அதுவும் தாங்கவில்லை. 1975-ல் மேற்குத் தோட்டத்தின் கதவுகள் மூடப்பட்டன. அதற்கு முன்பிருந்தே சைகமோர் என்ற மேப்பிள் வகை மரங்களும் ஐவிக்கொடிகளும் கல்லறைகளைப் பிளந்துகொண்டிருந்தன. அறைகளை உடைத்தார்கள், பெட்டிகளைச் சிதைத்தார்கள். 1970-ல் இரத்தக்காட்டேரி உலவுவதாக வதந்தி கிளம்பி, கூட்டம் கூட்டமாக இரவில் சுவர் ஏறிக் குதித்தார்கள். பேய்க்கதை என்று இன்று அதைச் சுவைத்துச் சொல்கிறார்கள். சிதைக்கப்பட்டவை யாரோ ஒருவருடைய தாயின், குழந்தையின் உடல்கள். அந்தக் கதையில் சுவைக்க ஒன்றும் இல்லை.

காப்பாற்றியவர்கள் அக்கம்பக்கத்துக் குடிமக்கள். 1975-லேயே ‘ஹைகேட் கல்லறைத் தோட்ட நண்பர்கள்’ என்ற அமைப்பு உருவானது. கொடிகளை அறுத்து, பாதைகளை மீட்டு, கற்களை நிமிர்த்தினார்கள். 1981-ல் தோட்டத்தின் முழு உரிமையும் அவர்கள் சார்பில் வெறும் 50 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. ஒரு காலத்தில் 3,500 பவுண்டுக்கு வாங்கிய நிலம். ஆனால் அதற்குள் அது சொத்தாக இல்லாமல் பொறுப்பாக மாறியிருந்தது. இன்று அறக்கட்டளையாக நடக்கும் அது, பார்வையாளர் கட்டணம், நன்கொடை, புதிய அடக்கங்கள் ஆகியவற்றின் வருமானத்தில்தான் நிற்கிறது. நுழைவுக் கட்டணம் வாங்குவதைக் குறை சொல்கிறவர்கள் இந்தப் பின்னணியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2022-ன் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 1857 முதல், உரிய அனுமதி இல்லாமல் புதைத்த உடலைத் தொடுவது குற்றம். பிரதிஷ்டை செய்த மண்ணானால் திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதியும் குறுக்கே வரும். ஐரோப்பாவின் பல நாடுகளில் கல்லறை இடம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் குத்தகை. காலம் முடிந்தால் அது வேறொருவருக்குப் போகும். இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கல்லறைகளுக்கே 1970-களில்தான் உரிமைக் காலத்துக்கு 100 ஆண்டு வரம்பு வந்தது. லண்டன் நகராட்சிகளுக்கு 2007-லும், நியூ சவுத்கேட் கல்லறைத் தோட்டத்துக்கு 2017-லும் மறுபயன்பாட்டுக்கு வழி செய்யப்பட்டது. அந்த வரிசையில் அடுத்தது ஹைகேட்.

அதன் சாரம்:

1. 75 ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தாத அடக்க உரிமையை, உரிய அறிவிப்புக்குப் பின் முடிவுக்குக் கொண்டுவரலாம்.

2. புதைத்து 75 ஆண்டுகளுக்கு மேலான உடல் எச்சங்களை மட்டுமே இடம் மாற்றலாம்.

3. பொது அறிவிப்பு தர வேண்டும். பதிவிலுள்ள உரிமையாளருக்கும் தெரிவிக்க வேண்டும். உரிமையாளரோ இறந்தவரின் உறவினரோ எதிர்த்தால் அந்தக் கல்லறையை விட்டுவிட வேண்டும்.

4. போர்வீரர் கல்லறைகளுக்கும் பாரம்பரியச் சின்னங்களாகப் பட்டியலிட்ட நினைவுச் சின்னங்களுக்கும் ஏற்கெனவே உள்ள பாதுகாப்பு தொடரும். மார்க்ஸின் நினைவுச்சின்னம் உச்சத் தரப் பட்டியலில் இருக்கிறது.

‘மறுபயன்பாடு’ என்றதும் எலும்புகளை வெளியே கொட்டுவதாக நினைக்க வேண்டாம். வழக்கமான முறை வேறு. எஞ்சியவற்றை மரியாதையோடு எடுத்து, அதே குழியை இன்னும் ஆழமாக்கி, அடியில் மீண்டும் வைத்துவிட்டு, மேலே புதியவரை அடக்கம் செய்வார்கள். ‘லண்டன் நகரக் கல்லறைத் தோட்டம்’ என்ற வேறோர் இடத்தில் இது ஏற்கெனவே நடக்கிறது. பழைய கல்லைத் திருப்பி, மறுபக்கத்தில் புதுப் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் அங்கே உண்டு.

இது சரியா?

சரி என்றே நினைக்கிறேன். இறந்தவர்கள் வராத கல்லறைத் தோட்டம் சீக்கிரமே கட்டணம் வாங்கும் பூங்காவாகிவிடும். புதிதாக அடக்கம் நடந்தால்தான் பூவோடு வருகிற குடும்பங்கள் இருக்கும், அவர்களுக்காகப் பாதைகளும் மரங்களும் பேணப்படும். ‘என்றென்றைக்கும்’ என்று எழுதிக்கொடுத்தவர்கள் அந்த வாக்கைக் காப்பாற்றப் பணம் ஒதுக்கவில்லை. அந்த வாக்கின் சுமையை இன்றைய தன்னார்வலர்கள் மட்டும் சுமக்க வேண்டும் என்பது நியாயமல்ல.

ஆனால் ஒரு கவலை. எதிர்க்கும் உரிமை, அறிவிப்பைப் பார்த்து ‘இது என் கொள்ளுப்பாட்டியின் கல்லறை’ என்று சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் பயன்படும். வம்சாவளியை எழுதிவைத்த குடும்பங்கள் சொல்லிவிடும். பெயர்க்கல்லே இல்லாத பொதுக்குழியில் கிடக்கும் வேலைக்காரப் பெண்ணுக்காகவும் பச்சிளங்குழந்தைக்காகவும் யார் வந்து எதிர்ப்பார்கள்? 1839-ல் காசில்லாததால் கல் கிடைக்காதவர்கள், இப்போது கல் இல்லாததால் குரல் கிடைக்காதவர்களாக ஆகிவிடலாம்.

இதைத் தடுக்க வழி கைவசம் இருக்கிறது. அடக்கப் பதிவேடுகள் முதல் அடக்கத்திலிருந்தே எழுதப்பட்டு வந்திருக்கின்றன. கல் இல்லாதவர்களின் பெயரும் அவற்றில் உண்டு. எந்தக் குழியைத் திறப்பதாக இருந்தாலும், அதில் இருக்கும் அத்தனை பேரின் பெயரையும் அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்து முன்கூட்டியே வெளியிட வேண்டும். புதிய கல்லில் புதியவரின் பெயரோடு, கீழே இருப்பவர்களின் பெயர்களையும் பொறிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவைப் புதிய அடக்கத்தின் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம்.